ராட்பர்னின் வலது தோள்

பேஸ்பால் ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை. இனி பார்க்கப் போவதாகவும் தோன்றவில்லை. ஆனால் 1884-ஆம் வருஷத்துக் கோடையில், அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாகாணத்தின் ப்ராவிடன்ஸ் நகரத்து அணிக்காகப் பந்து எறிந்த சார்லஸ் ராட்பர்ன் என்பவரைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். என் தெருவில் இருபது வருஷமாகக் குடியிருப்பவர்களைப் பற்றித் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரியும் என்று சொல்லலாம். இந்தப் பரிச்சயம் முழுக்க எண்கள் வழியாக ஏற்பட்டது. எண்கள் வழியாக ஒரு மனிதனை எவ்வளவு தூரம் அணுக முடியும், எந்த இடத்தில் அவை நின்றுபோகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் அக்கறை. ஆட்டத்தைப் பற்றிய ஆர்வம் அதற்கு அடுத்தபடிதான்.

நடைபாதைக் கடையில் பழைய புத்தகங்களோடு புத்தகமாகக் கிடந்த ஒரு தடித்த விளையாட்டு ஆண்டு நூல் என் கைக்கு வந்தது. படங்கள் கிடையாது. பக்கம் பக்கமாகப் பெயர்கள், வருஷங்கள், பத்தி பத்தியாக எண்கள். நான் 31 வருஷம் கணக்கெழுதிச் சம்பாதித்தவன். எண்களின் பத்தியில் கண்ணை மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒழுங்கு குலைகிற இடத்தில் தானாக நிற்கும். அப்படி நின்ற இடம் ராட்பர்னின் பெயருக்கு நேராக 1884-ஆம் வருஷம். வெற்றி 59, தோல்வி 12. மற்றவர்கள் 20 என்றும் 25 என்றும் ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் ஒருவர் மட்டும் 59. அவருடைய அணி அந்த வருஷம் மொத்தம் ஜெயித்தது 84. தோற்றது 28. அதாவது ஓர் அணி, ஒரு நகரம், ஒரு கம்பெனி ஆகிய மூன்றின் பெரும்பங்கு வெற்றியும் ஒரே ஆளின் வலது தோளிலிருந்து வந்திருக்கிறது.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பாலைச் சொல்வது சுலபம்போலத் தெரியும். சொல்லப் போனால் சிக்கல்தான். பேஸ்பாலின் கணக்கேட்டு முறையைச் செம்மைப்படுத்திய ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பத்திரிகைக்குக் கிரிக்கெட் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர். ஆகவே இரண்டு ஆட்டங்களுக்கும் கணக்குப் பிள்ளை ஒருவரே என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பந்து எறிபவரின் நிலை வேறு. கிரிக்கெட்டில் ஓர் ஓவர் முடிந்ததும் பந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. பேஸ்பாலில் பிட்ச்சர் கையில்தான் ஆட்டம் திரும்பத் திரும்பத் தொடங்குகிறது. 1884-இல் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றவும் வழி இல்லை. அடிபட்டால் ஒழிய, ஆரம்பித்த ஒன்பது பேர்தான் முடிக்க வேண்டும். பிட்ச்சர் தளர்ந்துபோனால் அதிகபட்சம் மைதானத்தில் நிற்கும் வேறொருவரோடு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

அன்று பிட்ச்சர் மேட்டின் மேல் நிற்கவில்லை. தரையில் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்த ஒரு பெட்டிக்குள் நின்று, ஓரிரண்டு அடி எடுத்துவைத்து எறிந்தார். பெட்டியின் முன்கோட்டிலிருந்து மட்டைக்காரர் இருக்கும் இடம் 50 அடி. இன்றுள்ள 60 அடி 6 அங்குலம் என்ற தூரம் 1893-இல்தான் வந்தது. தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறிவதை நேஷனல் லீக் அனுமதித்ததே 1884-இல்தான். அதுவரை கை தோளுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. இதற்கெல்லாம் மேலாக, பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டைக்காரருக்கு இருந்தது. எதிராளி சொன்ன உயரத்திலேயே பந்தை அனுப்பி அவரை ஏமாற்ற வேண்டும். யாப்பு தெரிந்தவர்களுக்கு இது புரியும். ராட்பர்னின் பெயர் வேகத்தால் வந்ததல்ல. கீழிருந்தும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் மாற்றி மாற்றி எறிவார். பந்தை வளைப்பார், நடுவழியில் தாழ விடுவார், ஒரே அசைவில் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பார். பந்தைப் பிடிப்பவரின் கையில் விரலில்லாத மெல்லிய தோலுறைக்கு மேல் எதுவும் இல்லாத காலம். வலி பிட்ச்சருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

அவருடைய வாழ்க்கையின் முன்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1854 டிசம்பரில் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள். குடும்பம் இல்லினாய் மாகாணத்தில் ப்ளூமிங்டன் என்ற ஊருக்கு நகர்ந்தது. தகப்பனார் கசாப்புத் தொழில். மகனும் அதைச் செய்தார். ரயிலில் பிரேக்மேனாகவும் இருந்தார். 1878-இல் பியோரியாவில் ஆடினார், 1879-இல் டபூக்கில். 1880-இல் நேஷனல் லீகில் பஃபலோ அணிக்கு வந்து ஆறே ஆட்டங்கள், அதுவும் பிட்ச்சராக அல்ல. தோள் கெட்டுப்போய் வெளியே அனுப்பப்பட்டார். 1881-இல் ப்ராவிடன்ஸ் அவரை எடுத்தது. அந்த வருஷம் 25 வெற்றி. அடுத்த வருஷம் 33. அதற்கு அடுத்த வருஷம் 48. தொடங்குவதற்கு முன்பே ஒரு தடவை கெட்டுப்போன தோள் என்பதை மறக்கக் கூடாது.

பந்து எறிவது களைப்பாக இல்லையா என்று கேட்டவர்களிடம், விடியற்காலையிலிருந்து இரவு வரை சம்மட்டியால் மாட்டை வீழ்த்தி வேலை செய்தவனுக்கு இரண்டு மணி நேரம் ஒரு சின்னப் பந்தை எறிவதா களைப்பு என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. உண்மையாகவே சொன்னாரா, பின்னால் யாரோ அவர் வாயில் வைத்ததா என்பது முக்கியமில்லை. அந்தப் பேச்சில் ஒரு தொழிலாளியின் கணக்கு இருக்கிறது. இந்த மனிதர் தன் ஆட்டத்தை வேலை என்றுதான் நினைத்தார். முன்பு செய்ததைவிட நல்ல கூலி கிடைக்கிற வேலை. ‘கிழக் குதிரை’ என்று அவருக்கு வந்த பட்டப்பெயரும் வண்டி இழுக்கிற ஜந்துவைக் குறித்தது. பந்தயக் குதிரையை நினைத்து யாரும் அதை வைக்கவில்லை.

1884-இல் ப்ராவிடன்ஸில் பிட்ச்சர்கள் முக்கியமாக இருவர். ராட்பர்னுக்கு வயது 29. மற்றவர் சார்லி ஸ்வீனி, இளைஞர், மேலிருந்து வேகமாக எறிபவர். ஜூன் 7-ஆம் தேதி பாஸ்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 பேரை மட்டையில் பந்து படாமல் அனுப்பியவர். ராட்பர்னுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பொறாமைக்காரர், குடிப்பவர், அதிகம் பேசாதவர். ஜூலை 16-ஆம் தேதி பாஸ்டனோடு நடந்த ஆட்டத்தில் நடுவரின் தீர்ப்பிலும் சகாக்களின் தவறுகளிலும் ஆத்திரமடைந்து, பந்தை வரைமுறை இல்லாமல் எறிந்து ஆட்டத்தைத் தோற்றார். வேண்டுமென்றே தோற்றார் என்று சந்தேகித்து நிர்வாகம் அவரைச் சஸ்பெண்ட் செய்தது. ஆறு நாள் கழித்து, ஜூலை 22-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஸ்வீனி குடித்துவிட்டு ஆடினார். மானேஜர் ஃப்ராங்க் பான்க்ராஃப்ட் அவரை வேறு இடத்துக்குப் போய் நிற்கச் சொன்னபோது மறுத்து மைதானத்தை விட்டு வெளியேறினார். மாற்று ஆள் கிடையாது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு, முன்னணியில் இருந்த ஆட்டத்தை ப்ராவிடன்ஸ் தோற்றது. ஸ்வீனி நீக்கப்பட்டு, போட்டி லீகான யூனியன் அசோசியேஷனில் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். அணியையே கலைத்துவிடலாமா என்று முதலாளிகள் யோசித்தார்கள்.

இங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கதையில், அணி அழிகிற தறுவாயில் வீரன் எழுந்து நின்று, மிச்சமிருக்கும் ஆட்டங்கள் எல்லாவற்றையும் நானே எறிகிறேன் என்று சொல்கிறான். பிறகு வெற்றி மேல் வெற்றி. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்துக்கு ஏற்ற கதை. இன்னொரு கதையில் ஒரு பேரம் நடக்கிறது. எல்லா ஆட்டத்தையும் நான் எறிகிறேன், அதற்குக் கூடுதல் சம்பளம் வேண்டும், வருஷ முடிவில் என்னை ரிசர்வ் ஷரத்திலிருந்து விடுவிக்க வேண்டும். முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டும் ஒரே சம்பவம்தான். ஆனால் முதல் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அந்த அடிக்குறிப்புதான் மூலப்பிரதி.

ரிசர்வ் ஷரத்து என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். 1879-இல் நேஷனல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று குறித்துவைக்கலாம். மற்ற அணிகள் அவர்களைத் தொடக் கூடாது. சில வருஷங்களில் ஐந்து பதினொன்றாயிற்று. பிறகு அனேகமாக எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் முதலாளிக்கே சொந்தம். வேண்டுமானால் ஆட்டத்தையே விட்டுவிடலாம், அந்த ஒரு சுதந்திரம் இருந்தது. இந்த ஏற்பாடு 1975 இறுதியில் வந்த ஒரு மத்தியஸ்தத் தீர்ப்பு வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 96 வருஷங்கள். ராட்பர்ன் பெற முயன்றது, இந்த விலங்கைத் தன் காலிலிருந்து மட்டும் கழற்றிக்கொள்ளும் உரிமையை. அதற்கு அவர் கொடுக்க முன்வந்த விலை தன் தோள்.

சாம்பியன் பட்டம் உறுதியாகும் வரை ப்ராவிடன்ஸ் ஆடியவை 43 ஆட்டங்கள். அவற்றில் 40 ஆட்டங்களை அவர் தொடங்கினார். 36 ஜெயித்தார். ஆகஸ்ட் 7 முதல் செப்டம்பர் 6 வரை அவர் எறிந்த ஆட்டங்களில் தொடர்ச்சியாக 18 வெற்றி. வருஷம் முழுவதற்கும் 678 இன்னிங்ஸுக்கு மேல். தொடக்கம் முதல் முடிவு வரை அவரே எறிந்து முடித்த ஆட்டங்கள் 73. மட்டையைச் சுழற்ற வைத்தோ நிற்க வைத்தோ அவுட்டாக்கியவர்கள் 441 பேர். அக்டோபர் 23, 24, 25 தேதிகளில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் எதிர் லீகின் சாம்பியனான மெட்ரோபாலிடன் அணியோடு மூன்று ஆட்டங்கள். மூன்றையும் அவரே எறிந்தார், மூன்றையும் ஜெயித்தார். மூன்றாம் நாள் குளிர். பார்க்க வந்தவர்கள் மிகக் குறைவு. உலகத்தின் முதல் தரமான காரியங்களில் சில, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்திருக்கின்றன. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி தோள். காலையில் எழுந்ததும் தலை வாரிக்கொள்ளக் கையைத் தூக்க முடியாத நிலையில் அவர் இருந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வெந்நீரில் நனைத்த துண்டுகளைத் தோளில் போட்டு ஊறவைப்பார். மைதானத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே போய்விடுவார். முதலில் சில அடி தூரத்துக்குத்தான் பந்தை எறிய முடியும். முகம் சுளிக்கும். பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து எறிவார். வெகு தூரத்திலிருந்து பந்து சரியாகப் போய்ச் சேர ஆரம்பித்ததும் நிறுத்திக்கொள்வார். சகாக்கள் தங்கள் பயிற்சியை விட்டுவிட்டு இதைக் கவனித்துக்கொண்டிருப்பார்களாம். அந்தத் தூரம் வந்துவிட்டால் அன்றைய ஆட்டம் ஜெயித்த மாதிரி. இதைச் சொன்னவர் மானேஜர் பான்க்ராஃப்ட்.

ஏழு வருஷங்களுக்கு முன் என் வலது தோள் இறுகிப்போயிற்று. ஃப்ரோஸன் ஷோல்டர் என்றார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருவது சகஜம் என்றும் சொன்னார். எட்டு மாதம் நான் இடது கையால்தான் தலை வாரிக்கொண்டேன். சட்டைக் கைக்குள் கையை நுழைப்பதற்கு ஒரு தனி சாமர்த்தியம் வேண்டியிருந்தது. முதலில் வலியுள்ள கை, பிறகு மற்றது. கழற்றும்போது நேர்மாறாக. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் விழிப்பு வந்துவிடும். மின்விசிறியின் சுவிட்சு என்ன உயரத்தில் இருக்கிறது என்பது அந்த எட்டு மாதத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. சுவரில் விரலை வைத்து எறும்பு ஊர்வதுபோல மேலே ஏற்றுவது பயிற்சி. தினம் எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். ஒரு மாதத்தில் நான்கு விரற்கடை ஏறியது. ராட்பர்ன் ஒரு காலை நேரத்தில் சில அடியிலிருந்து மைதானத்தின் கோடி வரை பின்னால் நகர்ந்ததை அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் நான் கற்பனை செய்துகொள்ள முடிந்தது. என் தோளுக்கும் அவர் தோளுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. என்னுடையது சும்மா இருந்து இறுகியது. அவருடையது உழைத்துக் கிழிந்தது.

அந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு கவி நண்பரிடம் ராட்பர்னைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. இது தபஸ் என்றார். வலிதான் சிருஷ்டியின் ஊற்று, வலி இல்லாத கலை கைவேலை என்றார். அவர் பேசியது நம்மிடம் வெகுகாலமாகப் புழங்கும் நம்பிக்கை. கலைஞன் வறுமையில் வாட வேண்டும், நோயில் படுக்க வேண்டும், சீக்கிரம் சாகவும் வேண்டும், அதன் பிறகு நாம் அவனுக்கு இரங்கற் கூட்டம் போட வேண்டும். எனக்கு இந்த நம்பிக்கையின் மேல் வரவர அருவருப்பு வந்துவிட்டது. வலியினால் ராட்பர்ன் நன்றாக எறியவில்லை. வலி இருந்தும் எறிந்தார். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க மறுப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வலியையே ஊற்று என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ப்ராவிடன்ஸ் முதலாளிகள் இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியமானவர்கள். தபஸ் என்று சொல்லித் தட்டிக்கழிக்காமல் பேரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

நண்பர் விடவில்லை. சம்பளத்துக்காகச் செய்தான் என்றால் அதில் மகத்துவம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு எனக்குக் கிடைத்த பதில் பாதிதான். சம்பளத்துக்கான வேலை 30 வெற்றியோடு முடிந்திருக்கும். ஒரு மனிதன் எவ்வளவு கூலி வாங்கினாலும், 18-ஆவது நாள் காலையில் கையைத் தூக்க முடியாதபோது இன்றைக்கு முடியாது என்று சொல்ல அவனுக்கு வழி இருக்கிறது. அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது பேரத்திலும் இல்லை, தபஸிலும் இல்லை. கெட்டிக்கார வேலைக்காரனின் அகம்பாவம் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். ஸ்வீனி வேகமாக எறிகிறான் என்று ஊரெல்லாம் பேசியது அவர் காதில் இருந்திருக்கும். இதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. எண்கள் நின்றுபோகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த எண்களே திடமானவை அல்ல என்பது வேறு விஷயம். நான் 59 என்று எழுதுகிறேன். 60 என்று எழுதுபவர்களும் உண்டு. வெகுகாலம் அதுவே வழக்கமாக இருந்தது. வித்தியாசம் ஒரே ஓர் ஆட்டத்தில். ஜூலை 28-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஸைக்ளோன் மில்லர் என்ற பிட்ச்சர் தொடங்கினார், பின்பகுதியை ராட்பர்ன் எறிந்தார். வெற்றி யாருடையது? அன்று கணக்கெழுதியவர், நன்றாக எறிந்தவர் ராட்பர்ன் என்று பார்த்து அவருக்குக் கொடுத்தார். பிற்காலத்து விதிப்படி பார்த்தால் மில்லருக்குப் போக வேண்டும். யார் நன்றாகச் செய்தார் என்று பார்த்தவன் தீர்மானிப்பதா, அல்லது யார் செய்தாலும் பொருந்துகிற விதி தீர்மானிப்பதா? விமர்சனம் பற்றி நம் பத்திரிகைகளில் ஆண்டுக் கணக்கில் நடந்த சண்டைகள் எல்லாம் இந்த ஓர் ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நான் 59-இன் பக்கம். ராட்பர்னுக்கு அந்த ஒன்று தேவையில்லை. மில்லருக்கு அது பெரிது.

வெண்கலத்தில் பொறித்தால் நிலைத்துவிடும் என்றும் இல்லை. 1939-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். அங்குள்ள தகட்டில் அவர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தை அதிகம் சேர்த்திருக்கிறார்கள். 1884-இன் கடைசி 27 ஆட்டங்களை எறிந்து 26 ஜெயித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. உண்மையான கணக்கு அதைவிடப் பெரியது. ஐதீகம் மனிதனை எப்போதும் பெரிதாக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமயத்தில் அது சோம்பல்பட்டுக் குறைத்தும்விடுகிறது.

இன்றைய ஆட்டத்தோடு ஒப்பிடுவதில் எனக்கு உற்சாகம் இல்லை. ஒரு பருவத்தில் 30 ஆட்டம் ஜெயித்த கடைசி பிட்ச்சர் 1968-இல் டெட்ராய்ட்டின் டென்னி மெக்லேய்ன், 31. இன்று 200 இன்னிங்ஸ் எறிபவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இன்று எறிபவர் ஒவ்வொரு பந்திலும் முழு பலத்தையும் செலவிடுகிறார், தூரமும் அதிகம். எல்லோரும் ராட்பர்னைப்போல எறியலாமே என்று சொல்வது, எல்லோரும் ஓலையில் எழுதலாமே என்று சொல்வதைப் போன்றது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1884-இல் டொலீடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் கேட்ச்சராக ஆடினார். அந்த அணியின் பிட்ச்சர் டோனி முல்லேன், வாக்கர் கொடுத்த சைகைகளை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு எறிந்ததைப் பிற்காலத்தில் தானே ஒப்புக்கொண்டார். என்ன பந்து வரும் என்று தெரியாமலே வாக்கர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்துக்குப் பிறகு பெரிய லீகுகளின் கதவு கறுப்பர்களுக்கு 1947 வரை திறக்கவில்லை. வாக்கரின் விரல்கள் பட்ட வலிக்கு எந்தப் பத்தியிலும் எண் கிடையாது. 1884-ஐ மகத்தான வருஷம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் அபிப்ராயம்.

பேரத்தின் முடிவு என்ன? சாம்பியன் பட்டம் வந்தது. நிபந்தனைப்படி ராட்பர்ன் சுதந்திரமானவர். எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவர் ப்ராவிடன்ஸிலேயே இருந்தார். 1885-இலும் அதே அணி, அதே பெட்டி. 600 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து வாங்கிய உரிமையை உபயோகிக்கவில்லை. இதை முட்டாள்தனம் என்று எழுதியவர்கள் இருக்கக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. போகலாம் என்று ஆன பிறகு இருப்பது, போக முடியாமல் இருப்பதிலிருந்து வேறுபட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஆயுள் ஒரு வருஷம். 1885-ஓடு ப்ராவிடன்ஸ் அணி இல்லாமல் போயிற்று. ராட்பர்ன் பாஸ்டனுக்குப் போனார்.

1886-இல் பருவம் தொடங்கும்போது நியூயார்க், பாஸ்டன் இரண்டு அணிகளையும் சேர்த்து எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. பின்வரிசையில் ராட்பர்ன் நிற்கிறார். அடர்ந்த மீசை. கேமராவுக்கு நடுவிரலைக் காட்டுகிறார். அந்த ஆபாச சைகை பதிவான முதல் புகைப்படம் அதுதான் என்கிறார்கள். அசையாமல் நிற்க வேண்டிய காலத்துப் படம். ஆகவே தற்செயலாக விரல் நீண்டது என்று சொல்ல வழியில்லை. யாருக்குக் காட்டினார் என்று அவரவர் விருப்பம்போல ஊகித்துக்கொள்ளலாம். புகழ் மண்டபத்துத் தகட்டைவிட எனக்கு இந்தப் படத்தின் மேல் நம்பிக்கை அதிகம்.

தோள் பழையபடி ஆகவே இல்லை. 1886-இல் 27 வெற்றி, 31 தோல்வி. 1888-இல் 7 வெற்றி, 16 தோல்வி. 1890-இல் ஆட்டக்காரர்கள் ரிசர்வ் ஷரத்தை எதிர்த்துத் தாங்களே ஒரு லீக் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய ஜான் மாண்ட்கோமரி வார்ட், ப்ராவிடன்ஸில் ராட்பர்னோடு ஆடியவர், சட்டம் படித்தவர். ராட்பர்ன் அதில் சேர்ந்தார். பாஸ்டனுக்காக 27 ஆட்டம் ஜெயித்தார். அவருடைய அணிக்குச் சாம்பியன் பட்டம். 1884-இல் தனக்கு மட்டும் கேட்டதை இப்போது எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். அந்த லீக் ஒரே வருஷத்தில் மூழ்கியது. பணம் போட்டவர்கள் பழைய முதலாளிகளோடு சமரசமாகிவிட்டார்கள். ஒரு வருஷம் வந்து நின்றுபோன முயற்சிகளின் பட்டியல் நம்மிடமும் நீளமாக இருக்கிறது. அவை தோற்றவை என்று பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

1891-இல் சின்சினாட்டியில் ஆடிவிட்டு ப்ளூமிங்டனுக்குத் திரும்பினார். அங்கே பில்லியர்ட்ஸ் மேஜையும் மதுவும் உள்ள ஒரு கடை நடத்தினார். 1894-இல் வேட்டையின்போது துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இடது கண் போயிற்று. முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறியது. பிறகு தன் கடையின் பின்னறையில், பார்க்க வருபவர்களைத் தவிர்த்துக்கொண்டு இருந்தார் என்கிறார்கள். 1897 பிப்ரவரி 5-ஆம் தேதி இறந்தார். வயது 42. ப்ளூமிங்டன் எவர்கிரீன் கல்லறையில் புதைத்தார்கள். ஸ்வீனி அவருக்கு முன்பே வேறு விதமாக முடிந்துவிட்டிருந்தார். ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் ஒரு மதுக்கடைச் சண்டையில் ஆள் செத்து, அதற்காகச் சிறைக்குப் போனார். 1902-இல் காசநோயில் இறந்தார்.

அவர் எறிந்து யாரும் இனி பார்க்க முடியாது. அசையும் படம் கிடையாது. பந்து எப்படி வளைந்தது, எந்த இடத்தில் தாழ்ந்தது என்பது பார்த்தவர்களோடு போயிற்று. நமக்கு இருப்பது ஆண்டு நூலில் பதினொரு வரி, ஒரு பெட்டிக்குள் நின்ற மனிதனின் பதினொரு வருஷம். எல்லோரும் நான்காவது வரியில் நின்றுவிடுகிறார்கள். நானும் அங்கேதான் முதலில் நின்றேன். இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்தால் கடைசி வரிக்குப் போகிறேன். 1891, சின்சினாட்டி, வெற்றி 11, தோல்வி 13. வயது 36. அந்தப் பதினோரு ஆட்டங்களுக்கும் காலையில் வெந்நீர் வைத்திருப்பார்கள்.